பகடைக்கு இருபது முகம், கடைக்கு ஒரே முகம்

1970-ல் கேரி கைகாக்ஸ் என்ற அமெரிக்கருக்கு வேலை போயிற்று. சிகாகோவில் இன்ஷூரன்ஸ் கம்பெனி உத்தியோகம். எந்த ஆசாமிக்கு என்ன ஆபத்து வரலாம், அதற்கு எவ்வளவு பிரீமியம் கறக்கலாம் என்று கணக்குப் பார்த்துச் சொல்வதுதான் பிழைப்பு. பிற்காலத்தில் டிராகன் நெருப்பு கக்கினால் எவ்வளவு உயிர் போகும், விஷப் பொறியில் கால் வைத்தால் எவ்வளவு போகும் என்று இந்த மனிதர் பக்கம் பக்கமாக அட்டவணை போட்டுத் தள்ளினார். பூர்வாசிரமம் தெரிந்தவர்கள் அதற்கு ஆச்சரியப்பட மாட்டார்கள்.

வேலை போனவர் விஸ்கான்சின் மாநிலத்தின் லேக் ஜெனீவா என்ற சின்ன ஏரிக்கரை ஊரில், வீட்டு நிலவறையில் உட்கார்ந்து செருப்பு ரிப்பேர் பார்த்தார். மிச்ச நேரத்தில் பொம்மைச் சிப்பாய்களை வைத்து யுத்தம் நடத்தினார். மிச்ச நேரம் என்பது மரியாதைக்காகச் சொல்வது. ராத்திரி வீடு தங்காத புருஷன்மேல் சந்தேகம் வந்து, எவளோ ஒருத்தி இருக்கிறாள், கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்று மனைவி கிளம்பிப் போனதாக ஒரு கதை உண்டு. போய்ப் பார்த்தால் இன்னொரு நிலவறை, மேஜை நிறைய வரைபடங்கள், சுற்றிலும் வயதுக்கு வந்த ஆண்கள். எவளோ ஒருத்தியாகவே இருந்திருக்கலாம் என்று அந்த அம்மாளுக்குத் தோன்றியிருந்தால் தப்பே இல்லை.

இதே சமயம் பக்கத்து மின்னசோட்டா மாநிலத்தில் டேவ் ஆர்னெசன் என்ற சரித்திர மாணவர் வேறொரு வம்பு பண்ணிக்கொண்டிருந்தார். பொம்மைப் போரில் ஒருவர் ஒரு படையையே நடத்துவார். ஆர்னெசனின் ஆட்டத்தில் ஒருவருக்கு ஒரே ஒரு ஆள்தான். அந்த ஆள் ஒரு கோட்டையின் நிலவறைக்குள் இறங்குவான், பூதத்தைக் கொல்வான், புதையல் எடுப்பான், அடுத்த வாரமும் அதே ஆளாக வந்து தொடர்வான். பக்கத்து ஊர்க்காரரான டேவ் வெஸ்லி 1969-ல் கிளப்பிவிட்ட இந்த ஒற்றை ஆள் யோசனையை ஆர்னெசன் நிலவறைக்கும் பூதத்துக்கும் இழுத்துக்கொண்டு போயிருந்தார். 1972-ல் லேக் ஜெனீவாவுக்கு வந்து ஆடிக் காட்டினார். ஆர்னெசனிடம் ஒழுங்கான விதிகள் கிடையாது. இருபது பக்கத்துச் சொச்சம் கிறுக்கல்கள். கைகாக்ஸிடம் கற்பனைக்கும் டைப்ரைட்டருக்கும் பஞ்சமில்லை. ஆட்டம் பிறந்தது. அப்பா யார் என்ற வழக்கும் கூடவே பிறந்தது, அது பிறகு.

தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. நாலைந்து பேர் மேஜையைச் சுற்றி உட்காருகிறீர்கள். ஒருவர் கதையை நடத்துபவர். அவர் "இருட்டான வாசல், உள்ளே ஏதோ உறுமுகிறது" என்பார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். "நான் மெதுவாக எட்டிப் பார்க்கிறேன்" என்று ஒருவர் சொன்னால், பார்த்தாரா மாட்டிக்கொண்டாரா என்பதைப் பகடை முடிவு செய்யும். இதற்குப் பலகையும் வேண்டாம், காய்களும் வேண்டாம். ஆங்கிலத்தில் ரோல்பிளேயிங் கேம். இங்கே ரோல்பிளே என்றே வைத்துக்கொள்வோம்.

அந்தக் காலத்தில் போர் விளையாட்டுகளுக்குப் பெரிய கை ஆவலான் ஹில் கம்பெனி. இதைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றது. சரி, நாமே போடுவோம் என்று கைகாக்ஸ் டி.எஸ்.ஆர். என்ற கம்பெனியைத் தொடங்கினார். முதல்? பால்ய நண்பர் டான் கே தன் ஆயுள் காப்பீட்டுப் பாலிசியை வைத்து ஆயிரம் டாலர் கடன் வாங்கிப் போட்டார். இன்ஷூரன்ஸ்காரர்கள் துரத்திவிட்ட மனிதருக்குக் கடைசியில் கைகொடுத்ததும் இன்ஷூரன்ஸ்தான். பிரையன் ப்ளூம் என்ற இன்னொருவர் இரண்டாயிரம் போட்டார். 1974 ஜனவரியில் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' வெளிவந்தது: ஒரு பெட்டி, மூன்று சின்னப் புத்தகங்கள், பத்து டாலர், ஆயிரம் பிரதிகள். ஊர் உலகமெல்லாம் இதை டி அண்ட் டி என்கிறது, நாமும் அப்படியே.

பகடையைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. சாதாரண ஆறுமுகப் பகடை இவர்களுக்குப் போதவில்லை. நான்கு முகம், எட்டு முகம், பன்னிரண்டு முகம், இருபது முகம் என்று கேட்டார்கள். கிடைத்த இடம் பள்ளிக்கூடத்துக்குக் கணக்குப் பாட உபகரணம் விற்கும் கலிபோர்னியா கம்பெனியின் கேட்லாக். அந்த பிளாஸ்டிக் வெண்ணெய் மாதிரி. நாலு மாதம் உருட்டினால் மூலைகள் தேய்ந்து, இருபது முகம் கோலிக்குண்டு ஆகிவிடும். எண்களில் மையும் கிடையாது. வாங்கியவர் கிரேயானை எடுத்துப் பள்ளத்தில் தேய்த்து, மேலே இருப்பதைத் துணியால் துடைத்தால்தான் எண் கண்ணுக்குத் தெரியும். சில வருஷம் கழித்து ஆட்டம் பிய்த்துக்கொண்டு விற்றபோது பகடைத் தட்டுப்பாடு வந்தது. பெட்டிக்குள் எண் அச்சடித்த அட்டைத் துண்டுகளைப் போட்டு, குலுக்கி எடுத்துக்கொள்ளுங்கள், பகடை பிறகு வரும் என்று ஒரு கூப்பனையும் வைத்தார்கள். ஜனம் அதையும் வாங்கிற்று. ஒரு பிராண்டு எப்போது பிராண்டு ஆகிறது என்று கேட்டால், சரக்கில்லாமல் கூப்பனை விற்க முடிந்த அன்றைக்கு என்பேன்.

பத்து டாலர் மாணவர்களுக்குப் பெரிய தொகை. கல்லூரிகளில் ஒருவன் வாங்கினால் பத்துப் பேர் ஜெராக்ஸ் எடுத்தார்கள். கைகாக்ஸுக்கு வயிறு எரிந்தது. உண்மையில் அந்தத் திருட்டு ஜெராக்ஸ்காரர்களுக்கு அவர் கோயில் கட்டியிருக்க வேண்டும், காரணத்தைச் சொல்கிறேன்.

அடுத்த வருஷமே போட்டி வந்துவிட்டது. அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகரில் கென் செயின்ட் ஆண்ட்ரே என்ற நூலகர் டி அண்ட் டி புத்தகத்தைப் படித்தார், தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. புரிகிற மாதிரி நானே எழுதிக்கொள்கிறேன் என்று 'டனல்ஸ் அண்ட் ட்ரோல்ஸ்' எழுதினார். எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கிற ஆறுமுகப் பகடை போதும். 1977-ல் 'ட்ராவலர்' வந்தது, விண்வெளிக் கதை. அதில் பாத்திரத்தின் முன்கதையை உருவாக்கும்போதே பகடை சரியாக விழவில்லையென்றால் பாத்திரம் செத்துப்போகும். ஆட்டம் ஆரம்பிக்கும் முன்பே கருமாதி. வாழ்க்கையை இவ்வளவு நேர்மையாகக் காட்டிய விளையாட்டு வேறு கிடையாது. 1978-ல் 'ரூன்க்வெஸ்ட்', 1981-ல் 'கால் ஆஃப் கதூலு'. கடைசியில் சொன்னதில் நீங்கள் வெல்வதே இல்லை. பைத்தியம் பிடிக்காமல் வீடு வந்து சேர்ந்தால் வெற்றி. ஒவ்வொன்றும் டி அண்ட் டியைவிட ஏதோ ஒரு விதத்தில் மேல். விதிகள் தெளிவு, கதை ஆழம், விலை மலிவு, எதை வேண்டுமானாலும் சொல்லுங்கள். ஒன்றும் அசைக்கவில்லை.

ஏன்? இது தனியாக வாங்கித் தனியாக அனுபவிக்கிற சரக்கு அல்ல. புத்தகக் கடையில் நீங்கள் ஒரே ஆள். ஆனால் உங்கள் முதுகுக்குப் பின்னால் வீட்டில் காத்திருக்கும் நாலு பேரும் சேர்ந்துதான் வாங்குகிறார்கள். ரம்மி தெரிந்த நாலு பேர் கூடும் திண்ணைக்கு, அருமையான ஆட்டமய்யா என்று பிரிட்ஜ் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போனவரின் கதியை யோசித்துப் பாருங்கள். அவர் சொல்வது முழுக்க உண்மையாக இருக்கலாம். முக்கால் மணி நேரம் விளக்கலாம். கடைசியில் யாரோ ஒருவர் கொட்டாவி விட்டுப் பதின்மூன்று சீட்டு போடுவார், அவரும் எடுத்துக்கொள்வார். டி அண்ட் டி ஜெயித்தது நல்ல ஆட்டம் என்பதால் அல்ல. எதிரே உட்காரக்கூடிய ஆளுக்கு அது ஏற்கெனவே தெரியும் என்பதால். அந்த ஆளுக்கு எப்படித் தெரிந்தது? கல்லூரியில் எவனோ ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தான். கோயில் கட்டச் சொன்னது அதற்காகத்தான்.

இந்தச் சூட்சுமம் டி.எஸ்.ஆருக்குத் தெரியுமா? தெரியாது. தாங்கள் மேதைகள் என்பதால்தான் விற்கிறது என்று நம்பினார்கள். இனி வரும் இருபது வருஷக் கதை முழுக்க அந்த நம்பிக்கையின் லீலை.

முதலில் டோல்கீன் தரப்பிலிருந்து வக்கீல் கடிதம் வந்தது. டி அண்ட் டியில் ஹாபிட் இருந்தது, என்ட் இருந்தது, பால்ராக் இருந்தது. மூன்றும் டோல்கீன் கதைகளின் சொத்து. டி.எஸ்.ஆர். சமர்த்தாக ஹாபிட்டை ஹாஃப்லிங் என்றும் என்ட்டை ட்ரீயன்ட் என்றும் மாற்றியது. அதே குள்ளன், அதே நடக்கும் மரம், புது ரேஷன் கார்டு. திருடும்போது இவ்வளவு தாராளமாக இருந்தவர்கள் சொந்தச் சொத்து விஷயத்தில் கஞ்ச மகாப்பிரபுக்கள் ஆனார்கள். 1977 முதல் 'அட்வான்ஸ்டு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்று புதிதாகக் கனத்த புத்தகங்கள் வரத் தொடங்கின. இது வேறு ஆட்டம், பழையது வேறு ஆட்டம் என்று கைகாக்ஸ் அடித்துச் சொன்னார். வேறு ஆட்டம் என்றால் ஆர்னெசனுக்கு ராயல்டி தர வேண்டாம் பாருங்கள். ஆர்னெசன் 1979-ல் கோர்ட்டுக்குப் போனார், 1981-ல் சமரசம் ஆயிற்று. இன்னொன்றும் கைகாக்ஸ் தங்கள் பத்திரிகையில் எழுதினார்: வேறு கம்பெனிச் சரக்கைக் கலந்து ஆடுகிறவர்கள் ஆடுவது உண்மையான அட்வான்ஸ்டு ஆட்டமே அல்ல. உட்கார்ந்து கற்பனை செய்யச் சொல்லிவிட்டு, கற்பனைக்கும் எங்கள் முத்திரை வேண்டும் என்ற முதல் கம்பெனி இதுவாகத்தான் இருக்கும்.

1980-ல் வந்த 'டெய்ட்டீஸ் அண்ட் டெமிகாட்ஸ்' புத்தகம் தமிழ் வாசகர்களுக்குத் தனி விருந்து. உலகத்துச் சாமிகளையெல்லாம் பட்டியல் போட்டு, ஒவ்வொருவருக்கும் எத்தனை உயிர்ப் புள்ளி, கவசத்துக்கு எவ்வளவு மதிப்பெண் என்று குறித்திருந்தார்கள். நம்முடைய இந்திரன், அக்னி, காளி, விஷ்ணு எல்லோரும் உண்டு. போதுமான லெவலும் நல்ல பகடையும் இருந்தால் இந்திரனை நேருக்கு நேர் மோதிப் பார்க்கலாம். நம் புராணங்களில் அவர் வாங்கிய அடியை எண்ணிப் பார்த்தால் இது பெரிய அபசாரமும் இல்லை. அந்தப் புத்தகத்தின் முதல் பதிப்பில் கதூலு கதைகளின் பூதங்களும், எல்ரிக் கதைகளின் தெய்வங்களும் இருந்தன. அவற்றின் உரிமை கேயாஸியம் என்ற போட்டிக் கம்பெனியிடம் இருந்தது. கேயாஸியம் பெருந்தன்மையாக, போடுங்கள், எங்களுக்கு ஒரு நன்றி வரி மட்டும் போடுங்கள் என்றது. போட்டார்கள். பிறகு யாருக்கோ உறுத்தியது: நம் புத்தகத்தில் போட்டிக்காரனுக்கு நன்றியா? நன்றியை மட்டும் நீக்க முடியாது. பூதங்களோடு சேர்த்து நீக்கினார்கள். 144 பக்கப் புத்தகம் 128 பக்கம் ஆயிற்று. நன்றி சொல்ல மனமில்லாமல் பதினாறு பக்கத்தை வெட்டியவர்களை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

வழக்கம்போல இதற்குள் பாதிரிமார்களும் பெற்றோர்களும் கிளம்பினார்கள். சாத்தான் வழிபாடு, பிள்ளைகள் கெடுகிறார்கள், தற்கொலை செய்கிறார்கள் என்று டெலிவிஷனில் கூச்சல். காணாமல்போன ஒரு மாணவரை இந்த ஆட்டத்தோடு முடிச்சுப் போட்டுப் பத்திரிகைகள் எழுதின. அந்தப் பையனின் சோகத்துக்குக் காரணங்கள் வேறாக இருந்தன, அதைப் பற்றி யாருக்குக் கவலை. 1982-ல் இளம் டாம் ஹாங்க்ஸை வைத்து எச்சரிக்கைப் படம்கூட எடுத்தார்கள். பலன்? அதுவரை டி அண்ட் டி என்ற பெயரே கேட்டிராத பையன்கள் கடைக்கு ஓடினார்கள். கேட்டது 'சாத்தான் ஆட்டம்'. மற்ற ரோல்பிளேக்களின் பெயர் பாதிரிமார்களுக்குத் தெரியாததால் சாத்தானுக்கும் ஒரே பிராண்டுதான் வாய்த்தது. ஆனால் 1989-ல் இரண்டாம் பதிப்பு வந்தபோது கம்பெனி பயந்துவிட்டது. பேய், பிசாசு என்ற சொற்களைத் தூக்கிவிட்டு, பிற்பாடு வாயில் நுழையாத டனாரி, பாட்டெசு என்று பெயர் வைத்தது. உருவம், கொம்பு, குணம் எல்லாம் அப்படியே.

பணம் வந்ததும் என்ன செய்தார்கள் என்கிறீர்கள்? ஊசித் தையல் கம்பெனி ஒன்றை வாங்கினார்கள். ஆமாம், பூ வேலை, எம்பிராய்டரி. ஏரியில் மூழ்கிய பழைய கப்பலைத் தூக்கும் முயற்சிக்குப் பணம் கொடுத்தார்கள். கைகாக்ஸ் ஹாலிவுட்டுக்குப் போய் மாளிகையில் குடியேறி, கார்ட்டூன் தொடர் எடுத்தார். அவர் அங்கே இருக்க, இங்கே கடன் கழுத்துக்கு வந்தது. 1985-ல் லொரெய்ன் வில்லியம்ஸ் என்ற அம்மையார் பங்குகளை வாங்கிக் கம்பெனியைக் கையில் எடுத்தார், கைகாக்ஸ் வெளியே. புது நிர்வாகத்தில் பக் ராஜர்ஸ் என்ற பழைய காமிக்ஸ் நாயகனுக்கு ஆட்டம் மேல் ஆட்டமாக வந்தது. கேட்டவர் யாருமில்லை, விற்கவும் இல்லை. பக் ராஜர்ஸ் உரிமை வில்லியம்ஸின் குடும்பத்திடம் இருந்தது என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கட்டத்தில் என் அபிமானச் சம்பவம் 1984-ன் 'இண்டியானா ஜோன்ஸ்' ஆட்டம். ரோல்பிளேயின் உயிரே சொந்தப் பாத்திரத்தை உருவாக்குவது. இதில் அதற்கு விதியே இல்லை. நீங்கள் இண்டியானா ஜோன்ஸ், அல்லது அவருடைய சிநேகிதர்கள். ஐந்து நண்பர்கள் கூடினால் ஒருவன் ஜோன்ஸ், மிச்சமிருப்பவர்கள் அவனுக்குத் தொப்பி எடுத்துக் கொடுக்க வேண்டியதுதான். அதில் வந்த அட்டைப் பொம்மைகளில் 'நாஜி' என்ற பெயருக்குப் பக்கத்திலும் டிரேட்மார்க் குறி இருந்தது. ஹிட்லர்கூட அதைப் பதிவு செய்யவில்லையே என்று ஆட்டக்காரர்கள் இன்றுவரை சிரிக்கிறார்கள். உரிமம் முடிந்ததும் மிஞ்சிய பிரதிகளை அழிக்க வேண்டியிருந்தது. இங்கிலாந்துக் கிளையின் ஊழியர்கள் கடைசிப் பிரதியைக் கொளுத்தினார்கள். கரிந்த துண்டில் ஆங்கில 'இண்டியானா'வின் முதல் இரண்டு எழுத்து எரிந்து 'டயானா ஜோன்ஸ்' என்று மிஞ்சியது. அதைக் கண்ணாடி போன்ற பிரமிடுக்குள் பதித்து வைத்தார்கள். 2001 முதல் இந்தத் துறையின் மதிப்புமிக்க விருதுகளில் ஒன்றுக்கு டயானா ஜோன்ஸ் விருது என்று பெயர். கோப்பை அந்தக் கரித்துண்டேதான்.

மறுபக்கம் வக்கீல்கள் ஓய்வில்லாமல் உழைத்தார்கள். டி அண்ட் டிக்குத் துணைப் புத்தகம் போட்ட மேஃபேர் கம்பெனிமேல் வழக்கு. டி.எஸ்.ஆர். என்ற மூன்றெழுத்துக்கு 'தவறாமல் வழக்குப் போடுபவர்கள்' என்ற பொருள்பட ரசிகர்கள் விரிவாக்கம் கண்டுபிடித்தார்கள். உச்சம் எதுவென்றால், வெளியே தள்ளப்பட்ட கைகாக்ஸ் 1992-ல் 'டேஞ்சரஸ் டைமன்ஷன்ஸ்' என்று புது ஆட்டம் போட வந்தார். இரண்டு சொல்லும் 'டி'யில் ஆரம்பிக்கிறது, கூடாது என்றது கம்பெனி. அந்த 'டி'க்களைக் கண்டுபிடித்த ஆளே இவர்தானே என்றால் சட்டத்தில் அதற்கு இடமில்லை. 'டேஞ்சரஸ் ஜர்னீஸ்' என்று பெயரை மாற்றினார். அப்படியும் விடாமல் வழக்கு. கடைசியில் ஆட்டத்தையே விலைக்கு வாங்கிப் பரணில் போட்டார்கள்.

டி.எஸ்.ஆர். இல்லாத ஊர்களில் என்ன ஆயிற்று என்று பார்த்தால் நான் மேலே சொன்னது நிஜமா என்று தெரிந்துவிடும். ஜெர்மனியில் ஷ்மிட் ஷ்பீலே என்ற பொம்மைக் கம்பெனி டி அண்ட் டியை ஜெர்மன் மொழியில் போட ஆசைப்பட்டது. பேரம் படியவில்லை. உல்ரிச் கீசோவ் என்பவரைக் கூப்பிட்டு, நீயே ஒன்று எழுது என்றார்கள். 1984-ல் 'தாஸ் ஷ்வார்ட்செ ஆகெ' வந்தது. ஜெர்மானியப் பையன்கள் அதைப் படித்து வளர்ந்தார்கள். அங்கே டி அண்ட் டி பல வருஷம் இரண்டாவது தாரம். சுவீடனில் 1982-ல் வந்த 'டிராகார் ஓக் டெமோனர்' அதே இடத்தைப் பிடித்தது. ஜப்பானில் டி அண்ட் டி ஆடிய கதைகளைத் தொடராகப் போட்டு ஒரு பத்திரிகை ரசிகர்களைச் சேர்த்தது. அந்த ரசிகர்களை 1989-ல் வந்த உள்ளூர் 'சோர்ட் வேர்ல்ட்' அள்ளிக்கொண்டது. இப்போது அங்கே கொடிகட்டிப் பறப்பது, பைத்தியம் பிடிக்க வைக்கும் நம் 'கால் ஆஃப் கதூலு'. ஜெர்மானியர் ரசனை வேறு, ஜப்பானியர் ரசனை வேறு என்று ஆராய்ச்சிக் கட்டுரை எழுதலாம். எழுதுங்கள். முதலில் யார் வந்து திண்ணையைப் பிடித்தார்கள் என்பதுதான் என் கணக்கு.

1990-களில் டி.எஸ்.ஆர். தன் ஆட்டத்துக்குத் தானே போட்டியானது. டிராகன்லான்ஸ், ஃபர்காட்டன் ரெல்ம்ஸ், ஸ்பெல்ஜாமர், ராவன்லாஃப்ட், டார்க் சன், ப்ளேன்ஸ்கேப் என்று ஆளுக்கொரு உலகம். பாலைவன உலகத்து ஆட்டக்காரன் பேய்க்கோட்டை உலகத்துப் புத்தகத்தை வாங்க மாட்டான். ஒரே திண்ணையை ஆறாகத் தடுத்து ஒவ்வொன்றுக்கும் தனிச் செலவு செய்தார்கள். 1993-ல் விஸார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் என்ற சியாட்டில் பக்கத்துச் சின்னக் கம்பெனி, ரிச்சர்ட் கார்ஃபீல்ட் என்ற கணித ஆசிரியர் உருவாக்கிய 'மேஜிக்' சீட்டுகளை விட்டது. பையன்களின் கைச்செலவுப் பணம் அந்தப் பக்கம் ஓடியது. டி.எஸ்.ஆரும் அவசரமாகச் சீட்டு அடித்தது, பகடை அடித்தது. புத்தகக் கடைகளுக்கு அனுப்பியதெல்லாம் 1996-ல் லாரி லாரியாகத் திரும்பி வந்தது. சுமார் 3 கோடி டாலர் கடன். அச்சகக்காரர் பழைய பாக்கியை எடுத்துவைத்தால்தான் மெஷின் ஓடும் என்றுவிட்டார். 1997-ல் அதே விஸார்ட்ஸ் வந்து சுமார் 2.5 கோடி டாலருக்குக் கம்பெனியை எடுத்துக்கொண்டது.

வாங்கியவர்கள் கணக்குப் பார்க்கப் போனார்கள். கிடங்கு நிறைய விற்காத புத்தகம். வாங்குகிறவர்கள் யார், என்ன வயது, என்ன வேண்டும் என்று கேட்டதற்கு ஒரு காகிதம்கூட இல்லை என்று ரையன் டான்சி என்ற அதிகாரி பின்னர் எழுதினார். இருபத்து மூன்று வருஷம் சந்தையில் முதலிடத்தில் இருந்த கம்பெனி, ஒருநாளும் வாடிக்கையாளரிடம் சௌக்கியமா என்று கேட்டதில்லை. கேட்காமலேயே முதலிடம்! இதைவிடப் பெரிய பாராட்டு அந்தப் பிராண்டுக்கு யாரும் கொடுக்க முடியாது.

டான்சிக்குத் திண்ணைச் சூட்சுமம் பிடிபட்டது. அவருடைய சகா ஸ்காஃப் எலியாஸ் ஏற்கெனவே ஒன்று சொல்லியிருந்தார்: இந்தத் துறையில் யார் விளம்பரம் செய்தாலும், யார் புது ஆட்டம் போட்டாலும், கடைசியில் லாபம் முதலிடத்தில் இருப்பவனுக்கே வந்து சேரும். எங்கோ ஒரு சின்ன ஆட்டம் ஒருவரை இந்தப் பழக்கத்துக்கு இழுக்கிறது. அவர் ஆள் தேடுகிறார். ஆள் இருப்பது டி அண்ட் டி மேஜையில். அப்படியென்றால் போட்டியாளரை ஏன் நசுக்க வேண்டும்? சம்பளமில்லாத வேலையாளாக வைத்துக்கொள்ளலாமே! 2000-ல் மூன்றாம் பதிப்பு வந்தபோது, விதிகளை யார் வேண்டுமானாலும் எடுத்துப் புத்தகம் போடலாம் என்று திறந்த உரிமம் கொடுத்தார்கள். கூடவே 'டி20' என்ற இலச்சினை. இலச்சினை வேண்டுமானால் முக்கியமான நிபந்தனை: பாத்திரம் உருவாக்கும் விதியை உங்கள் புத்தகத்தில் போடக்கூடாது, அதற்கு டி அண்ட் டியின் அடிப்படைப் புத்தகமான பிளேயர்ஸ் ஹேண்ட்புக் தேவை என்று போட வேண்டும். போட்டியாளர் தன் அட்டையில் தன் காசில் எதிரிக்கு விளம்பரம் போட்டார். இந்தத் திறமையில் நூற்றில் ஒரு பங்கு டி.எஸ்.ஆரின் வக்கீல்களுக்கு இருந்திருந்தால் அவர்கள் பாதிப் பேருக்கு வேலையே இருந்திருக்காது.

ஜனம் பாய்ந்தது. நேற்றுவரை சொந்த விதியில் ஓடிய ஆட்டங்களெல்லாம் டி20 வேஷம் கட்டின. ட்ராவலர் கட்டியது. கதூலுவே கட்டினார், பைத்தியம் பிடித்து ஓட வேண்டிய நூலகர்கள் லெவல் ஏறி வாளைத் தூக்கிக்கொண்டு திரும்பி நின்றார்கள். கடை அலமாரியில் நூறு கம்பெனியின் பெயர், உள்ளே ஒரே ஆட்டம். வாங்குகிறவருக்கு இதைவிட அகலமான தேர்வு அதுவரை இருந்ததில்லை, இதைவிடக் குறைவான தேர்வும் இருந்ததில்லை. 2003-ல் ஒருவர் காமக் களஞ்சியம் ஒன்றையே டி20-யில் போடக் கிளம்பினார். அவர் விஸார்ட்ஸில் டி அண்ட் டிக்கு பிராண்டு மேனேஜராக இருந்தவர்! கம்பெனி அலறியடித்து உரிமத்தில் ஒழுக்க விதியைச் சேர்த்தது. அதே வருஷம் 3.5 என்று திருத்திய பதிப்பை விட்டார்கள். பழைய 3-க்குப் புத்தகம் போட்டுக் கிடங்கில் அடுக்கியிருந்த சின்னக் கம்பெனிகள் தலையில் துண்டு போட்டன.

இடையில் 1999-லேயே ஹாஸ்ப்ரோ என்ற பொம்மைப் பெருமுதலாளி சுமார் 32.5 கோடி டாலருக்கு விஸார்ட்ஸை விழுங்கியிருந்தது. பெரியவர்களுக்குத் தானதர்மம் ஒத்துவராது. 2008-ல் நான்காம் பதிப்பு, கூடவே கெடுபிடியான புது உரிமம். பேய்ஸோ என்ற கம்பெனி டி அண்ட் டி பத்திரிகைகளை நடத்திக்கொண்டிருந்தது; 2007-லேயே அவற்றைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். பேய்ஸோ யோசித்தது. பழைய திறந்த உரிமம்தான் இருக்கிறதே, மூன்றாம் பதிப்பை எடுத்து, தூசி தட்டி, 2009-ல் 'பாத்ஃபைண்டர்' என்று போட்டது. 2011-ல் கடைக்காரர்களிடம் கேட்டு எடுக்கும் விற்பனைப் பட்டியலில் பாத்ஃபைண்டர் முதலிடம். முப்பத்தேழு வருஷத்தில் டி அண்ட் டியைச் சிம்மாசனத்திலிருந்து இறக்கிய ஒரே ஆட்டம், டி அண்ட் டி.

2014-ல் ஐந்தாம் பதிப்பு வந்து நாற்காலியைத் திரும்பப் பிடித்தது. லாஸ் ஏஞ்சலிஸில் குரல் நடிகர்கள் சிலர் வீட்டில் கூடிப் பாத்ஃபைண்டர் ஆடிக்கொண்டிருந்தார்கள். 2015-ல் அதை இணையத்தில் நேரலையாக ஒளிபரப்ப முடிவு செய்தபோது டி அண்ட் டிக்கு மாறினார்கள். 'கிரிட்டிகல் ரோல்' என்ற அந்த நிகழ்ச்சியைப் பார்த்து லட்சக்கணக்கானோர் ரோல்பிளே என்றால் இதுதான் என்று கற்றுக்கொண்டார்கள். மறுவருஷம் 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' தொடரில் சைக்கிள் ஓட்டும் பையன்கள் ஆடியதும் அதுவே.

2022 டிசம்பரில் இந்தப் பிராண்டிலிருந்து கறக்க வேண்டிய அளவுக்குக் கறக்கவில்லை என்று முதலீட்டாளர்களிடம் நிர்வாகம் சொன்னது. அடுத்த மாதமே புது உரிமத்தின் வரைவு கசிந்தது. பழைய திறந்த உரிமம் இனிச் செல்லாதாம். ஆண்டுக்கு 7,50,000 டாலருக்கு மேல் வருமானம் வந்தால், மேலே வருவதில் 25 சதவீதம் கப்பம். இருபது வருஷமாக இலவசக் கூலி வேலை பார்த்தவர்களிடம் வாடகை கேட்ட மாதிரி ஆயிற்று. கம்பெனியின் இணையச் சேவைக்குச் சந்தா கட்டியவர்கள் கூட்டம் கூட்டமாக ரத்து செய்தார்கள். பேய்ஸோவிடம் எட்டு மாதத்துக்கு என்று வைத்திருந்த பாத்ஃபைண்டர் புத்தகம் இரண்டு வாரத்தில் தீர்ந்தது. கம்பெனி முதலில், நீங்களும் ஜெயித்தீர்கள், நாங்களும் ஜெயித்தோம் என்ற தோரணையில் ஓர் அறிக்கை விட்டுப் பார்த்தது. பிறகு கருத்துக்கணிப்பு நடத்தியது. பதில் சொன்னவர்களில் 88 சதவீதம் பேர் புது உரிமத்தின் கீழ்ப் புத்தகம் போட விருப்பமில்லை என்றார்கள். டி.எஸ்.ஆர். காலத்தில் கேட்காமல் விட்டதை இவர்கள் கேட்டார்கள், கேட்டதற்குக் கிடைத்தது இது. ஜனவரி 27-ல் விதிகளின் அடிப்படை ஆவணத்தைக் கிரியேட்டிவ் காமன்ஸில் போட்டு, எடுத்துக்கொள்ளுங்கள் என்று கையைக் கழுவினார்கள். புத்தி வந்தது என்று நினைப்பதற்குள் ஏப்ரலில், வெளியாகாத மேஜிக் சீட்டுகளைத் தவறுதலாக வாங்கி வீடியோ போட்ட ஒருவரின் வீட்டு வாசலுக்குப் பிங்கர்ட்டன் என்ற தனியார் துப்பறியும் நிறுவனத்தின் ஆட்களை அனுப்பியது அதே கம்பெனி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தொழிலாளர் வேலைநிறுத்தங்களை உடைத்துப் பெயர் வாங்கிய அதே பிங்கர்ட்டன்.

ரசிகர்கள் இனி இந்தக் கம்பெனியின் வாசல்படி மிதிப்பதில்லை என்று சபதம் செய்தார்கள். 2024 செப்டம்பரில் புதிய பிளேயர்ஸ் ஹேண்ட்புக் வந்தது. டி அண்ட் டி வரலாற்றிலேயே இவ்வளவு வேகமாக விற்ற புத்தகம் கிடையாது என்று விஸார்ட்ஸ் அறிவித்தது.

கிரிட்டிகல் ரோல்காரர்களும் கெட்டிக்காரர்கள். அடுத்தவன் மேஜையில் எத்தனை நாள் என்று சொந்தப் பதிப்பகம் தொடங்கி, 2025 மே மாதம் 'டாகர்ஹார்ட்' என்ற சொந்த ஆட்டத்தை வெளியிட்டார்கள். நல்ல ஆட்டம், பாராட்டும் கிடைத்தது. டி அண்ட் டியின் தலைமைச் சிற்பிகளாக இருந்து விஸார்ட்ஸை விட்டு விலகியிருந்த ஜெரமி க்ராஃபோர்டும் கிறிஸ் பெர்கின்ஸும் ஜூனில் இவர்களிடம் வந்து சேர்ந்தார்கள். ஆகஸ்டில் நிகழ்ச்சியின் நான்காம் தொடரை அறிவித்தார்கள். இந்தத் தடவை சொந்த ஆட்டம்தான் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். சொந்த ஆட்டம் இருந்தது, சொந்த மேடை இருந்தது, அடுத்தவன் ஆட்டத்தைக் கட்டியவர்களே சம்பளத்துக்கு இருந்தார்கள். அக்டோபரில் தொடர் ஒளிபரப்பானபோது மேஜைமேல் இருந்தது டி அண்ட் டி.